பெரிய லென்ஸ் எதற்கு? தள்ளி நிற்பதற்கு

பறவைப் படம் எடுக்க ஆசைப்படும் எங்கள் வயதினர் முதலில் கேட்பது, "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். யூடியூப்பில் பத்து விமர்சனங்களைப் பார்த்து முடித்துவிட்டு, "600 மில்லிமீற்றர் காணுமா, 800 வேணுமா?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஒரு முழு நாள் நடப்பீர்களா? அதைக் கையில் வைத்துக்கொண்டு பறவையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்பீர்கள்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய டெலிஃபோட்டோ லென்ஸ் பறவைக்குக் கிட்டப் போவதற்கான சாமான் இல்லை, தள்ளி நிற்பதற்கான சாமான். அந்தத் தூரத்துக்கு நாங்கள் கொடுக்கும் விலை தோளில் ஏறும் பாரம். ஆகவே உங்களால் நாள் முழுக்கச் சுமக்க முடிந்த லென்ஸ் எதுவோ, அதுதான் உங்களுக்கான பெரிய லென்ஸ். அதற்கு மேலே போனால் உங்கள் முதுகும் காசும் மட்டுமல்ல, பறவையும் கஷ்டப்படும். எப்படி என்று பார்ப்போம்.

தூரத்தின் கணக்கு

வசந்த காலத்தில் எங்கள் பக்கம் வரும் வார்ப்ளர் குருவிகள் பல 12, 13 சென்ரிமீற்றர் நீளம்தான் இருக்கும். அப்படி ஒரு குருவி 10 மீற்றர் தள்ளி ஒரு கிளையில் இருக்கிறது என்று வைப்போம். 600 மில்லிமீற்றர் லென்ஸில் அதன் உருவம் கமராவின் சென்சரில் ஏறக்குறைய 7.5 மில்லிமீற்றர் விழும். முழு அளவு சென்சரின் அகலம் 36 மில்லிமீற்றர். அதாவது குருவி படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இதே அளவை 400 லென்ஸில் எடுக்க வேண்டுமானால் நீங்கள் ஏழு மீற்றருக்கும் குறைவான தூரத்துக்குப் போக வேண்டும். 200 லென்ஸ் என்றால் மூன்று மீற்றர் சொச்சம். மூன்று மீற்றரில் ஒரு மனிதன் வந்து நின்றால் அந்தக் குருவி இரை தேடுவதை விட்டுவிட்டு உங்களைத்தான் பார்க்கும். அல்லது பறந்துவிடும்.

இந்தத் தூரம் எவ்வளவு பெரிய வசதி என்பது பழைய ஆட்களின் கதையைப் படித்தால் விளங்கும். இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் பிறந்த ரிச்சர்ட் கியர்டன், செரி கியர்டன் என்ற சகோதரர்கள் 1895இல் பறவைக் கூடுகளைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார்கள். ஓவியங்களுக்குப் பதிலாகப் புகைப்படங்களையே வைத்து வந்த முன்னோடி நூல் அது. அவர்களிடம் இருந்ததோ பெட்டிக் கமராவும் கண்ணாடித் தட்டுகளும். பறவைக்கு மிகக் கிட்டப் போனால்தான் படம். அதற்காக மாடு ஒன்றின் உருவத்தை உள்ளே வெறுமையாகச் செய்து, அதற்குள் ஒளிந்திருந்து படமெடுத்தார்கள்.

இன்னொருவர் எரிக் ஹொஸ்கிங். 1937இல் வேல்ஸில் ஓர் ஆந்தைக் கூட்டின் அருகே உயரமாகக் கட்டியிருந்த மறைவிடத்துக்கு அவர் இருட்டில் ஏறினார். குஞ்சுகளைக் காத்துக்கொண்டிருந்த ஆந்தை வந்து முகத்தில் அடித்தது. அவருடைய இடது கண் பறிபோனது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பறவைகளைப் படமெடுத்தார். அந்த ஆந்தை செய்ததில் பிழை எதுவும் இல்லை. கூட்டுக்குக் கிட்ட ஒரு பெரிய மிருகம் வந்தது, அது தன் குஞ்சுகளைக் காப்பாற்றியது. அந்தக் காலத்தில் கிட்டப் போவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி குறைவு. எங்களுக்கு வழி இருக்கிறது. அந்த வழிக்குத்தான் நாங்கள் இவ்வளவு காசு கொடுக்கிறோம்.

தமிழ் தெரிந்த ஒருவரையும் இந்த வரிசையில் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். மா. கிருஷ்ணன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதினார், கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். ஒரு கம்பனியின் கமரா உடலையும் இன்னொரு கம்பனியின் டெலி லென்ஸையும் தானே பொருத்திக்கொண்டு, அந்தக் கூட்டுச் சாமானுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பகிடியாகப் பெயர் வைத்திருந்தார். பாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்று அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். லென்ஸ் விமர்சனம் ஒன்றைக் குறைத்துக்கொண்டு அந்த நூலைத் தேடிப் படிக்கலாம்.

பாரம் எங்கிருந்து வருகிறது

ஒரே 600 மில்லிமீற்றரில் ஒரு லென்ஸ் மூன்று கிலோவாகவும் இன்னொன்று ஒன்றரைக் கிலோவாகவும் இருப்பது ஏன்? விடை முன் கண்ணாடியில் இருக்கிறது. எஃப் 4 என்றால் 600ஐ நாலால் பிரிக்க வேண்டும். 150 மில்லிமீற்றர். ஒரு சின்னப் பலகாரத் தட்டின் அகலத்தில் கண்ணாடி வேண்டும். எஃப் 6.3 என்றால் 95 மில்லிமீற்றர் போதும். கண்ணாடி அகலமானால் தடிப்பும் கூடும், அதைத் தாங்கும் குழாயும் பெருக்கும்.

கம்பனிகள் பாரத்தைக் குறைக்கப் பெரும்பாடு படுகின்றன. 1999இல் வந்த கேனனின் 600 எஃப் 4 லென்ஸ் 5.36 கிலோ. 2018இல் வந்த மூன்றாவது பதிப்பு 3.05 கிலோ. சோனியின் 600 எஃப் 4 லென்ஸும் ஏறக்குறைய அதே பாரம்தான். நிக்கோன் 2022இல் கொண்டுவந்த 600 எஃப் 4 லென்ஸுக்குள் டெலிகொன்வேர்ட்டரும் சேர்ந்திருக்கிறது. அது 3.26 கிலோ. (கேனன், சோனி லென்ஸ்கள் வெள்ளையாக இருப்பது எடுப்பாகத் தெரிவதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். வெயிலில் சூடேறாமல் இருப்பதுதான் அதன் முதல் நோக்கம்.)

வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். செலவு எதுவும் இல்லை. எங்கள் கடைகளில் 10 ராத்தல் பாஸ்மதி அரிசிப் பை விற்கிறார்கள் அல்லவா? அது 4.5 கிலோ. நிக்கோனின் அந்த 600 லென்ஸும் இஸட் 9 கமராவும் சேர்ந்தால் 4.6 கிலோ. வீட்டில் இருக்கும் அரிசிப் பையை இரண்டு கையாலும் தூக்கிக் கண் மட்டத்தில் ஒரு நிமிடம் பிடியுங்கள். பறவை கிளையிலிருந்து எழும்பும் அந்த ஒரு விநாடிக்காக நீங்கள் காத்திருப்பது அப்படித்தான். பிறகு அதை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். அம்மா "என்ன விசரா?" என்று கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். 13,000 டொலர் மிச்சமாகலாம் என்று தெரிந்தால் அவரும் கூட நடப்பார்.

13,000 என்பது பகிடி இல்லை. கேனனின் அந்த மூன்றாவது பதிப்பும் சோனியின் 600 எஃப் 4 லென்ஸும் அமெரிக்க டொலரில் அந்த அளவு விலைக்குத்தான் அறிமுகமாயின. கனேடியக் காசில் அது இன்னும் கூட. ஒன்ராறியோவில் அதற்கு மேல் 13 வீத வரி.

அரிசிப் பை தோளை முறித்துவிட்டதா? கவலைப்பட வேண்டாம், வேறு வழிகள் இருக்கின்றன. சோனியின் 200-600 சூம் லென்ஸ் 2.1 கிலோ. நிக்கோனின் 180-600 காலைக் கழற்றினால் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கேனனின் 200-800 ஏறக்குறைய 2 கிலோ. நிக்கோனின் 600 எஃப் 6.3 ஒன்றரைக் கிலோதான், ஆனால் விலை கூட. இன்னும் குறைந்த செலவில் தொடங்குவதென்றால் கேனனின் ஆர்எஃப் 100-400 லென்ஸ் 635 கிராம், ஆர்7 கமரா 612 கிராம். இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ. அந்தக் கமராவின் சின்ன சென்சரால் 400 மில்லிமீற்றர் முழு அளவு சென்சரின் 640 போலக் காட்சி தரும். இதைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகலாம்.

எஃப் 4இன் பக்கத்து நியாயம்

"மலிவான லென்ஸில் வெளிச்சம் காணாது" என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். உண்மைதான். எஃப் 4 லென்ஸ் எஃப் 6.3ஐவிட இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். விடியற்காலையில் ஒருவர் ஐஎஸ்ஓ 3200இல் எடுக்கும் படத்தை அதே ஷட்டர் வேகத்தில் நீங்கள் 8000இல் எடுக்க வேண்டியிருக்கும். பின்னணி மங்கி உருகுவதிலும் வித்தியாசம் தெரியும். காட்டுக்குள் அரையிருட்டில் ஆந்தை எடுப்பவருக்கு, படத்தை விற்றுச் சீவிப்பவருக்கு, எஃப் 4 தேவைப்படலாம்.

உங்களுக்குத் தேவையா என்பதுதான் கேள்வி. இன்றைய சென்சர்களும், சத்தத்தைக் குறைக்கும் மென்பொருள்களும் 8000 ஐஎஸ்ஓ படத்தைப் பார்க்கத்தக்கதாக ஆக்கிவிடுகின்றன. நடுப்பகல் வெயிலில் இரண்டு லென்ஸ்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலானவர்களால் கைபேசித் திரையில் கண்டுபிடிக்க முடியாது. கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பெரிய நகரங்களில் லென்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. ஞாயிறு இரவு தோள் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பத்துக் கிலோமீற்றர்

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு டொமி தொம்சன் பூங்கா தெரிந்திருக்கும். லெஸ்லி வீதி முடியும் இடத்தில் ஒன்ராறியோ ஏரிக்குள் ஏறக்குறைய 5 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் தரைமுனை. 1950களின் இறுதியிலிருந்து நகரத்தின் கட்டட இடிபாடுகளையும் மண்ணையும் கொட்டி மனிதர் உண்டாக்கியது. பிறகு மரம் முளைத்தது, பறவை வந்தது. இன்று நீர்க்காகங்கள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் இடம் அது. அங்கே பொதுமக்களின் கார் உள்ளே போகக்கூடாது. நாயும் கொண்டுபோகக்கூடாது. நுனியில் இருக்கும் வெளிச்ச வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பத்துக் கிலோமீற்றர்.

அந்தப் பாதையில் பாரம் தன் வேலையைக் காட்டும். மூன்று கிலோமீற்றர் தாண்டும்போது தோள் எரியும். லென்ஸ் பைக்குள் போய்விடும். பைக்குள் போன லென்ஸ் வெளியே வருவதற்குள் மீன்கொத்தி மீனோடு போய்விடும். பாரம் குறைந்த லென்ஸ் வைத்திருப்பவர் கையில் அது எப்போதும் ஆயத்தமாக இருக்கும். நல்ல படம் எடுப்பது பெரும்பாலும் அங்கே நிற்பவர்தான், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கத் தெம்பு மிச்சம் உள்ளவர்தான்.

ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு இன்னும் கிட்ட ரூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கிறது. 79 சதுர கிலோமீற்றர். அங்கேயும் நடக்கத்தான் வேண்டும். மே மாதம் பொயின்ட் பீலிக்குப் போனால் கதை வேறு. ஈரி ஏரியை இரவில் கடந்து களைத்து வரும் வார்ப்ளர்கள் சில நேரம் கண் மட்டத்திலேயே இரை தேடும். அங்கே பெரிய லென்ஸ் இடைஞ்சலாகவும் ஆகலாம். கேனனின் 600 எஃப் 4 மூன்றாம் பதிப்பு 4.2 மீற்றருக்குக் குறைந்த தூரத்தில் ஃபோக்கஸ் செய்யாது. பறவை தானாகக் கிட்ட வந்தால் நீங்கள் பின்னுக்குப் போக வேண்டும். இரவு முழுக்கப் பறந்து வந்த பறவையைத் துரத்தாமல், வழிவிட்டு நிற்பதே அங்கே மரியாதை.

சுமக்கும் விதம்

எந்த லென்ஸானாலும் சுமக்கும் விதம் சரியாக இருந்தால் பாதிப் பாரம் குறைந்ததுபோல இருக்கும்.

பெரிய லென்ஸைக் கமராவில் பிடித்துத் தூக்காதீர்கள். இரண்டும் சேரும் வளையத்தில்தான் பாரம் முழுவதும் இழுக்கும். லென்ஸின் அடியில் இருக்கும் காலைப் பிடித்துத் தூக்குங்கள். தோள்பட்டியையும் அந்தக் காலிலேயே மாட்டுங்கள். கமராவோடு வரும் கழுத்துப் பட்டியை வீட்டில் விடுங்கள், கழுத்து இதற்கானதல்ல. ஒரு தோளிலிருந்து மறுபக்க இடுப்புக்குக் குறுக்கே வரும் பட்டி நல்லது. நீண்ட நடைக்கு இடுப்புப் பட்டி உள்ள முதுகுப்பை வேண்டும். பாரம் தோளில் தொங்காமல் இடுப்பில் உட்கார வேண்டும்.

படமெடுக்கும்போது இடது கையை லென்ஸின் கீழே, பாரம் சமப்படும் இடத்தில் வையுங்கள். முழங்கை நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும். எடுத்து முடிந்ததும் இறக்கிவிடுங்கள். தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தால், பறவை பறக்கும் நேரத்தில் கை நடுங்கும். நிலத்தில் உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றினால் உங்கள் உடம்பே ட்ரைபொட். தாழ்ந்து இருப்பவரைப் பறவையும் குறைவாகப் பயப்படும். ஓரிடத்தில் மணிக்கணக்காக இருப்பதென்றால் மொனோபொட் உதவும். கார் யன்னலில் வைத்து எடுக்க ஒரு துணிப்பை போதும். பயணத்தில் அதை வெறுமையாகக் கொண்டுபோய், போன இடத்தில் அரிசி வாங்கி நிரப்பலாம்.

குளிர்காலத்தில் ஒரு விஷயம். வெளியே உறைந்த லென்ஸை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தால் அதன்மேல் ஈரம் படியும். வெளியில் வைத்தே பைக்குள் போட்டு மூடி, வீட்டில் சில மணி நேரம் திறக்காமல் விடுங்கள். கார்டை மட்டும் முதலே கழற்றி எடுத்துக்கொள்ளலாம்.

பாரம் மனசை மாற்றும்

இப்போது தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். அளவுக்கு மிஞ்சிய லென்ஸ் பறவைக்கு எப்படிக் கெடுதலாகும்?

கடனட்டையில் 10,000 டொலருக்கு லென்ஸ் வாங்கிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். இங்கே கடனட்டை வட்டி பொதுவாக 20 வீதம் அளவு. வருசத்துக்கு 2,000 டொலர் வட்டிக்கே போகும். அவர் சனிக்கிழமை காலை வெளிக்கிடும்போது மனதில் ஒரு கணக்கு இருக்கும். 'இவ்வளவு காசு போட்டிருக்கிறேன், வெறுங்கையோடு வரமாட்டேன்.' பாரம் அதிகம் என்பதால் நடக்கவும் மாட்டார். காரிலிருந்து எடுக்கப் பார்ப்பார். ஹீற்றர் போட்டுக்கொண்டு யன்னலைத் திறந்தால் சூடான காற்றும் குளிர் காற்றும் கலந்து கானல்போல அலையும், எந்த லென்ஸிலும் படம் கூர்மையாக வராது. லென்ஸில் குறை என்று நினைத்து இறங்கிக் கிட்டப் போவார். பறவை பறந்துவிடும். அடுத்த வயலுக்குப் போய் மறுபடியும்.

இது அதிகம் நடப்பது பனி ஆந்தைகளிடம். ஆர்க்டிக் தரையில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் தெற்கு ஒன்ராறியோவின் வயல்களுக்கும் ஏரிக்கரைக்கும் வருகின்றன. பகலில் வெளியாக உட்கார்ந்திருப்பதால் யாரும் பார்க்கலாம். பார்த்தவர் இடத்தைக் குழுவில் போட்டால் அடுத்த நாள் இருபது கார். 2017 முதல் இந்த ஆந்தையை அழியும் ஆபத்துக்கு உட்படக்கூடிய இனமாக உலக அளவில் ஐயுசிஎன் வகைப்படுத்தியிருக்கிறது. அது உட்கார்ந்திருப்பது எங்களுக்குப் போஸ் கொடுக்க அல்ல. ஓய்வெடுக்கிறது, அடுத்த வேட்டைக்குச் சக்தியைச் சேமிக்கிறது. ஒவ்வொரு முறை எழுப்பப்படும்போதும் அந்தச் சேமிப்பு குறைகிறது. வீதிக்குக் குறுக்கே பறந்தால் வாகனத்தில் அடிபடவும் கூடும்.

சிலர் கடையில் எலி வாங்கிவந்து வயலில் விடுகிறார்கள். ஆந்தை நேராகக் கமராவை நோக்கிப் பறந்துவரும். இன்ஸ்ரகிராமில் நிறைய விருப்பம் விழும். அந்த ஆந்தை மனிதரையும் வீதியோரத்தையும் இரையோடு சேர்த்துப் பழகிக்கொள்ளும். இதைத் திறமை என்று நான் ஏற்கமாட்டேன்.

கிட்டப் போக வேண்டிய தேவையே இல்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அரை மீற்றர் உயரமாக உட்கார்ந்திருக்கும் ஆந்தையை 50 மீற்றர் தள்ளி நின்று 600 லென்ஸில் எடுத்தால் சென்சரில் 6 மில்லிமீற்றர் விழும். 45 மெகாபிக்சல் முழு அளவு கமராவில் அது 1,300க்கு மேற்பட்ட பிக்சல்கள். இன்ஸ்ரகிராமில் வழக்கமாகப் போகும் படத்தின் அகலம் 1,080 பிக்சல். சுற்றியிருக்கும் பனிவயலை வெட்டிவிட்டாலும் ஆந்தை மட்டுமே அந்தப் படத்தை நிறைக்கும். வெட்டாமல் விட்டால் வயலும் வானமும் சேர்ந்து இன்னும் வடிவாக இருக்கும் என்பது என் எண்ணம்.

எவ்வளவு தூரம் சரி என்று மீற்றர்க் கணக்கில் கேட்காதீர்கள். பறவையைக் கேளுங்கள். அரைக்கண் மூடி இருந்தது கண்ணை அகல விரித்து உங்களையே பார்த்தால், உடம்பை நிமிர்த்தினால், தலையைச் சட்டென்று திருப்பினால், நீங்கள் ஏற்கெனவே கிட்ட வந்துவிட்டீர்கள். மெதுவாகப் பின்னுக்குப் போங்கள். கூடு இருக்கும் இடத்தையும் ஆந்தை இருக்கும் இடத்தையும் உடனே வெளியில் சொல்லாதீர்கள். படத்தில் ஜிபிஎஸ் இருந்தால் நீக்கிவிடுங்கள். ஈபேர்ட் தளமே சில இனங்களின் சரியான இடத்தைத் தானாக மறைக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

மனிதர் பக்கமும் பாருங்கள்

நீளமான குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் பழுப்பு நிற இளைஞரை எல்லோரும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. 2020 மே 25ஆம் தேதி நியூயோர்க் சென்ட்ரல் பூங்காவில் பறவை பார்க்க வந்த கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பினத்தவர், நாயைக் கட்டும்படி ஒரு பெண்ணிடம் கேட்டார். அந்தப் பெண் அவர்மேல் பொலிசைக் கூப்பிட்டார். சில நாட்களிலேயே கறுப்பினப் பறவை ஆர்வலர்கள் தங்களுக்கென்று ஒரு வாரத்தைத் தொடங்கினார்கள். பூங்கா எங்களுக்கும் சொந்தம் என்பதை ஒதுங்காமல், சண்டை பிடிக்காமல் சொன்ன விதம் அது.

நாங்களும் ஒதுங்கத் தேவையில்லை. ஆனால் லென்ஸை வீட்டு யன்னல்கள் பக்கமும் சிறுவர் விளையாடும் இடம் பக்கமும் திருப்பாதீர்கள். யாராவது கேட்டால் கமராத் திரையில் படத்தைக் காட்டுங்கள். "இந்தக் குருவி இரவில் ஏரியைத் தாண்டி வந்தது" என்று சொன்னால் பெரும்பாலான சந்தேகங்கள் ஆர்வமாக மாறிவிடும்.

ஊருக்குப் போகும்போது இது இன்னும் முக்கியம். மன்னார், வங்காலை, சுண்டிக்குளம் எல்லாம் பறவைகளுக்குப் பேர்போன இடங்கள். வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் எங்கள் பள்ளிக்கூட விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். வெளிநாட்டிலிருந்து வலசை வரும் பறவைகள் அங்கே நிற்பது ஏறக்குறைய ஒக்ரோபரிலிருந்து மார்ச் வரை. பூநாரைக் கூட்டம் பார்க்கும் ஆசை இருந்தால் மார்கழி விடுமுறையில் போங்கள். கூட்டமாக நிற்கும் பூநாரைகளைப் பறக்கவைத்துப் படமெடுக்காதீர்கள். அவை அங்கே வந்தது சாப்பிட.

அங்கே கறுப்புக் குழாய் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் கடற்கரையில் நின்றால், போரைக் கண்ட ஆட்களுக்கு முதலில் பறவை நினைவுக்கு வராது. முதலில் லென்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு வணக்கம் சொல்லுங்கள், யார் பிள்ளை என்று கதையுங்கள். எந்தப் பறவை எப்போது எங்கே வரும் என்று அந்த மீனவ ஐயாவுக்கு உங்கள் செயலியைவிடக் கூடத் தெரியும். படை முகாம்கள் இருக்கும் பக்கம் லென்ஸைத் தூக்கவே வேண்டாம். விமானத்தில் கைப்பைக்கு நிறைக் கட்டுப்பாடு உண்டு. ஒன்றரை, இரண்டு கிலோ லென்ஸ் வைத்திருப்பவர் அங்கேயும் தப்பித்துக்கொள்வார்.

ஆகவே எந்த லென்ஸ் வாங்கலாம்? கடன் இல்லாமல் வாங்கக்கூடியது. பஸ்ஸில் கொண்டுபோகக்கூடியது. பத்துக் கிலோமீற்றர் நடந்த பிறகும் கண் மட்டத்துக்குத் தூக்கக்கூடியது. அதில் பறவை சின்னதாக விழுந்தால் இன்னும் கொஞ்சம் பொறுத்திருங்கள். அசையாமல் இருப்பவரிடம் சில பறவைகள் தாமாகவே கிட்ட வரும். வராவிட்டால் சின்னப் படத்தோடு வீட்டுக்கு வாருங்கள். நீங்கள் போன பிறகும் அந்தப் பறவை அதே கிளையில் இருந்தால், அன்றைக்கு லென்ஸை ஒழுங்காகப் பாவித்திருக்கிறீர்கள்.